சைக்கிள் வாகனமா, இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையை இருபத்தாறு ஆண்டுகளாகத் தருமபுரியில் வீடு வீடாகப் போடுகிறவன் நான். வாசகர் கடிதப் பகுதியில் பேப்பர் போடுகிறவனுக்கும் ஓர் இடம் உண்டு என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டினாலும் அந்த இருநூறு ரூபாய்ச் சமாச்சாரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

கடந்த கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேலத்திலிருந்து கட்டு வந்து சேர நாலேகால் ஆனது. இணைப்பைச் செருகி, கேரியரில் ஒரு கட்டும் ஹேண்டில்பாரில் இரு பைகளுமாக நான் கிளம்பியபோது மணி ஐந்து. பனி. குமாரசாமிப்பேட்டையை முடித்துக்கொண்டு இலக்கியம்பட்டிப் பக்கம் வந்தேன். இடதுபுறம் தாரின் மேலேயே ஒரு லாரி நின்றிருந்தது, பின்விளக்குக்கூட இல்லாமல். எதிர்ப்பக்கத்தில் ஓசூர்த் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. லாரியைச் சுற்றிக்கொண்டு போனேன். மணியும் அடித்தேன். லாரியின் மூக்குப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர், காதில் செல்போனை வைத்தபடி, அந்தப் பஸ்ஸைப் பிடிக்க ஒரே ஓட்டமாகக் குறுக்கே வந்தார். என் முன்சக்கரத்துக்கும் அவர் முழங்காலுக்கும் இடையே ஒரு நொடிகூட இல்லை.

விழுந்தது இடது தோளில். வலி உடனே தெரியவில்லை. முதலில் தெரிந்தது பேப்பர்தான். சாக்கடை நீரில் ஒவ்வொன்றாக விரிந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு பிரதிகள். ரிம் எட்டுப் போட்டிருந்தது.

டீக்கடையிலிருந்து ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். முதல் டம்ளர் தண்ணீர் யாருக்குப் போனது தெரியுமா? அந்த இளைஞருக்கு. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, பேண்டில் ஒரு கிழிசல். நான் இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருக்கிறேன், கூட்டம் என்னைப் பார்த்து, "பெரியவரே, பார்த்து வரக் கூடாதா?" என்கிறது. நம் ஊர்த் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. லாரியும் காரும் மோதினால் லாரிக்காரன் குற்றவாளி, காரும் பைக்கும் என்றால் கார்க்காரன், பைக்கும் சைக்கிளும் என்றால் பைக்காரன். அந்த வரிசையில் சைக்கிளுக்குக் கீழே இருப்பவர் நடந்து போகிறவர் ஒருவர்தான். வாழ்நாளில் ஒரே ஒருமுறை "பெரிய வண்டிக்காரன்" ஆகிற பாக்கியம் எனக்கு அன்றைக்குக் கிடைத்தது. "பையன் வேலைக்குப் போகிறான், பேண்டுக்காவது ஏதாவது கொடுங்கள்" என்று பஞ்சாயத்து. சட்டைப்பையில் இருந்த இருநூறு ரூபாயைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பஸ்ஸும் அதுவரை காத்திருந்தது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். காறை எலும்பு முறிவு. முதுகோடு சேர்த்து எட்டு வடிவில் கட்டு, ஆறு வாரம் கை அசையக் கூடாது. வைத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை. ஒரு காசும் வாங்கவில்லை. குறை என் வாயில் இருந்தது. அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர், எப்படி நடந்தது என்று கேட்டார். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பையன் இடித்து விழுந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். "சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன்" என்றேன். அவர் விபத்துப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் இரண்டே சொல் எழுதினார்: செல்ஃப் ஃபால். தானாக விழுந்தவர். ஏ.ஆர். காப்பி என்று சொல்கிறார்களே, அந்தத் தாள்தான் அதற்குப் பிறகு நான் போன இடமெல்லாம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு நாள் கழித்து, மகனின் வற்புறுத்தலில் காவல் நிலையம் போனேன். அங்கிருந்தவர் தாளைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். "நடந்து வந்தவர் மேல் வழக்கா? சைக்கிள் ஓட்டி வந்தது நீங்கள். போட்டால் உங்கள் மேல்தான் போட வேண்டும்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். புகார் வந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்.

என் வாடிக்கையாளர்களில் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். மாடி வீடு. பேப்பரை முறுக்கி பால்கனிக்கு எறிய வேண்டும்; மழைநாளில் மட்டும் படியேறிக் கதவில் செருகுவேன். அந்தப் படியேறிய நன்றிக்காகவோ என்னவோ, ஒரு மாலை முழுவதும் உட்காரவைத்துப் பேசினார். அவர் சொல்லித்தான் பல விஷயங்கள் எனக்குத் தெரியும். சைக்கிளில் போகும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விபத்து என்றதும் நம் எல்லோர் நினைவுக்கும் வருவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருவது. மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்தைத்தான் அது விசாரிக்கும். மிதிக்கிற சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல, நடக்கிற மனிதரும் அல்ல. 250 வாட்டுக்கு உட்பட்டு, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத பேட்டரி சைக்கிளும் அந்தக் கணக்கில் சேராது. மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், சைக்கிளுக்குக் கிடையாது, கால்களுக்கும் கிடையாது. இடித்துவிட்டு ஓடிய லாரி எதுவென்று தெரியாவிட்டால்கூட, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தர அந்தச் சட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது. இடித்துவிட்டு நடந்து போனவருக்கு அந்த ஏற்பாடு இல்லை. 2025 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த, ஏழு நாளைக்கு ஒன்றரை லட்சம் வரையிலான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டமும் மோட்டார் வாகன விபத்துக்குத்தான். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு, அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. அந்த மட்டில் நல்லது.

நான் கேட்டேன்: "அப்படியானால் காவல் நிலையத்தில் என் மேல் வழக்குப் போடலாம் என்றார்களே, அது எப்படி?" வழக்கறிஞர் சிரித்தார். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதன் 281ஆம் பிரிவு, பொதுச் சாலையில் எந்த வண்டியையும் முரட்டுத்தனமாக ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 'எந்த வண்டியும்' என்பதில் சைக்கிளும் அடக்கம். ஆக, நான் இழப்பீடு கேட்கப் போனால் சைக்கிள் வாகனம் இல்லை. என் மேல் வழக்குப் போட வந்தால் மட்டும் அது வாகனம். இந்த விசித்திரத்தை நான் சொன்னால் யாரும் நம்பவில்லை, அதனால்தான் பிரிவு எண்ணோடு எழுதுகிறேன்.

ஆனால் அதே சட்டத்தில் 125ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும்படி ஒருவர் அசட்டையாக, கவனமின்றி நடந்துகொண்டால் குற்றம் என்கிறது அது. அதில் வண்டி என்ற பேச்சே இல்லை. நடந்து வந்தவருக்கும் பொருந்தும், ஓடி வந்தவருக்கும் பொருந்தும். காயம் பட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். கொடுங்காயம் என்றால் மூன்று ஆண்டு வரை அல்லது 10,000 வரை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம்தான், என் தோளில் இருந்ததும் அதுதான். காவல் நிலையத்தில் இருந்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. பழக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பையனை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு ஆசையில்லை. பஸ்ஸைத் தவறவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும் என்று ஓடியவர். நானும் அந்த வயதில் அப்படி ஓடியவன்தான். எனக்கு வேண்டியது கட்டுப் போட்டிருந்த நாற்பத்தைந்து நாளும் எனக்குப் பதிலாகப் பேப்பர் போட்ட பையனுக்கு நான் கொடுத்த கூலி. நாளுக்கு 150, மொத்தம் 6,750.

அதற்கு வழி சிவில் வழக்கு. கவனக்குறைவால் நஷ்டம் விளைவித்தவர் யாராக இருந்தாலும் ஈடு கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் முன்பு நூற்றுக்கு ஏழரை. 2017இல் மூன்றாகக் குறைத்தார்கள். "பணம் பெரிதில்லை, சாட்சிதான் பெரிது" என்றார் வழக்கறிஞர். பிறகு குறுக்கு விசாரணை மாதிரி ஆரம்பித்தார்.

விளக்கு இருந்ததா? ஹேண்டில்பாரில் ஒரு டார்ச் கட்டியிருந்தேன். எரிந்ததா? மினுக்கியது. மணி அடித்தது யாருக்குக் கேட்டது? யாருக்கும் கேட்டிருக்காது, பஸ் உறுமல். ஹேண்டில்பாரில் எத்தனை பை? இரண்டு. பிரேக் பிடிக்க விரல் எங்கே இருந்தது? நான் பதில் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நகராட்சியில் பணம் கட்டி சைக்கிளுக்கு வில்லை வாங்க வேண்டும். விளக்கு இல்லாமல் வந்தால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார், தள்ளிக்கொண்டே வீடு போக வேண்டும். அந்தப் பயத்தில் டைனமோ விளக்கு வைத்திருந்த நானே வில்லை முறை போனதும் டைனமோவையும் கழற்றி எறிந்தவன். என் பங்குக் கவனக்குறைவு எத்தனை சதவீதமோ, அத்தனையை நீதிமன்றம் இழப்பீட்டில் கழித்துவிடும் என்றார். நியாயம்தான். கழிக்கட்டும். மிச்சம் என்று ஒன்று இருக்குமல்லவா?

"அடுத்து, அவருக்கு நீங்கள் பணம் கொடுத்தீர்களா?" என்றார். கொடுத்தேன் என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தப்பு உங்கள் மேல் இல்லையென்றால் ஏன் கொடுத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்றார். ஏ.ஆர். காப்பியில் தானாக விழுந்தவன், டீக்கடையில் நஷ்டஈடு கொடுத்தவன். காகிதத்தின்படி பார்த்தால் என்னை இடித்தவர் ஒருவர் இருந்ததே சந்தேகம்.

இன்னொரு கோணமும் சொன்னார். அந்த லாரி. விளக்கில்லாமல் ஆபத்தான இடத்தில் நிறுத்தியிருந்தது மறைத்ததால்தான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்று காட்ட முடிந்தால், தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டிப் பார்க்கலாமாம். வாகனத்தின் 'பயன்பாடு' என்றால் ஓடிக்கொண்டிருப்பது மட்டுமில்லை. மகாராஷ்டிரத்தில் லாரியோடு மோதிக் கவிழ்ந்து கிடந்த ஒரு பெட்ரோல் டேங்கர் பல மணி நேரம் கழித்து வெடித்துப் பலர் இறந்தார்கள். அதையும் வாகனப் பயன்பாட்டால் நேர்ந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லியிருக்கிறது. தீர்ப்பாயம் என்றால் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். லாரி எண் என்ன என்றார். எழுதி வைக்கவில்லை. விழுந்து கிடந்தவன் கண்ணுக்கு எதிரே அந்த நம்பர் பிளேட் முழுதாக இருந்தது. மஞ்சள் பட்டை, மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தது வரை நினைவிருக்கிறது. எண் மட்டும் நினைவில்லை.

காப்பீட்டுக்கு வருகிறேன். வங்கியில் என் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் மே கடைசியில் 20 ரூபாய் பிடிக்கிறார்கள், பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு. 2015இல் சேரும்போது 12 ரூபாய், 2022இல் 20 ஆனது. லாரி மோதினாலும் மாடு முட்டினாலும் மனிதர் மோதினாலும் விபத்து விபத்துதான், யார் தப்பு என்று அது கேட்பதில்லை. அந்த நம்பிக்கையில் கட்டோடு வங்கிக்குப் போய் வரிசையில் நின்றேன். இறந்தால் 2 லட்சம்; இரண்டு கண்ணோ இரண்டு கையோ காலோ போனால் 2 லட்சம்; ஒரு கண், அல்லது ஒரு கை, அல்லது ஒரு கால் நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். காறை எலும்புக்கு? ஒன்றுமில்லை, அது கூடிவிடுமே என்றார் வங்கியில் இருந்த அம்மாள். கூடிவிடும்தான். கூடும்வரை அடுப்பு எரிய வேண்டாமா?

அந்த இடைவெளிக்கு வேறொன்று இருக்கிறது என்பதை இன்னொரு வாடிக்கையாளர், காப்பீட்டு முகவர், சொன்னார். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் 'தற்காலிக முழு இயலாமை' என்று ஒரு பிரிவு உண்டு. வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு, வழக்கமாகக் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில், வாராவாரம் பணம் வரும். உச்சவரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்கு அந்தப் பிரிவு இல்லாத பாலிசியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வருமானச் சான்றும் கேட்பார்கள். பால் ஊற்றுகிறவர், பேப்பர் போடுகிறவர், சைக்கிளில் டீ கேன் கட்டி விற்பவர் ஆகியோருக்குத் தேவை இதுதான். இத்தனை ஆண்டில் ஒருவரும் எங்களிடம் வந்து சொன்னதில்லை. செத்தால் எவ்வளவு என்பதை மட்டும் எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மகன் ஜெர்மனியில் இருக்கும் ஓர் ஆசிரியை வீடும் என் வரிசையில் உண்டு. அங்கே சாதாரணக் குடும்பங்கள்கூட, தங்களால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கென்று தனியாக ஒரு பாலிசி வைத்திருப்பார்களாம். நடந்து போய் ஒருவரை இடித்துவிட்டாலும் அந்தக் காப்பீடு கொடுக்குமாம். கேட்க நன்றாக இருந்தது. இங்கே சைக்கிளுக்கே வழியில்லை, செருப்புக்கு எங்கே போவது?

கடைசியில் எனக்குத் திறந்தது நான் எதிர்பார்க்காத கதவு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. வழக்கே போடாமல், அதற்கு முந்தைய நிலையில், சமரசத்துக்கு ஒரு மனுக் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. எதிராளிக்கு அழைப்பு அனுப்புவார்கள். இருவரும் ஒப்புக்கொண்டு மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்குப் போடும் உரிமை அப்படியே இருக்கும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருகிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு, அதற்குள் நான் தாராளமாக அடங்குவேன். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விசாரிக்கலாம்.

மனுவில் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். அதற்காக ஒரு வாரம் அதே டீக்கடையில் அதே நேரத்துக்கு உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் வந்தார், லாரி நிற்கும் அதே இடத்தில், அதே ஓட்டம், காதில் அதே போன். கூப்பிட்டேன். என்னை அடையாளம் தெரியவில்லை. கட்டைக் காட்டியதும் தெரிந்தது. "ஐயா, உங்களுக்கு இவ்வளவு அடியா? அன்றைக்கு எழுந்து உட்கார்ந்துதானே இருந்தீர்கள்?" என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியாது. கூட்டம் என்னை அவர் கண்ணிலேயே காட்டவில்லை. பெயரும் ஊரும் சொன்னார், எழுதிக்கொண்டேன். பஸ் ஹாரன் அடித்தது. ஓடினார்.

ஆசிரியர் அவர்களே, என்னைப் போல் சைக்கிளில் பிழைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த ஏ.ஆர். காப்பியைப் பற்றித்தான். மருத்துவமனையில் வெட்கப்படாதீர்கள். ஆள் குறுக்கே ஓடி வந்து மோதினார் என்றால் அப்படியே சொல்லுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் லாரியின் எண்ணை யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். காவல் துறையினரிடம் என் கோரிக்கை: சைக்கிளும் ஆளும் மோதிய புகார் வந்தால், எது பெரிய வண்டி என்று பார்க்காமல், இருவரிடமும் என்ன நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். இலக்கியம்பட்டியில் அந்த லாரி இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறது. இப்போது எண் தெரியும், வேண்டுமானால் தருகிறேன்.

டைனமோ வாங்கி மாட்டிவிட்டேன். தோள் கூடிவிட்டது, குளிர்ந்த காலைகளில் மட்டும் பேப்பர்க் கட்டைத் தூக்கும்போது கொஞ்சம் இழுக்கிறது. சமரச அழைப்பு அடுத்த மாதம். அந்த இளைஞர் வருவார் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் நான் கேட்கப் போவது 6,750 ரூபாய். தவணையாகக் கொடுத்தாலும் சரி. ரிம்முக்கும் மாத்திரைக்கும் ஆட்டோவுக்கும் ஆனதை நானே பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இருநூறு ரூபாயைத் தனியாக, முதலில், கையில் வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
பேப்பர் போடுகிறவன்,
குமாரசாமிப்பேட்டை, தருமபுரி.

(பெயர் வேண்டாம். என் வாடிக்கையாளர்கள் இதைப் படித்ததும் யாரென்று தெரிந்துகொள்வார்கள். அந்த ஞாயிறு பேப்பர் கிடைக்காத முப்பத்தேழு வீட்டாருக்கும் காரணம் இதுதான்.)